ஊரா, காலனியா

மோகன் கேட்டைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, சித்திரையில் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்.

“ஈச்சம்பாக்கத்துல ஊரா, காலனியா?”

ரெஜினாவுக்கு இது ஏழாம் மாதம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். கணவன் ஆல்வினுக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஈச்சம்பாக்கத்திலிருந்து திருப்போரூர் வந்து, பஸ் மாறி, குலுங்கிக் குலுங்கி வந்து போவது இனி ஆகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு மாடி போர்ஷன். வாடகைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான்.

சித்திரையில் கேட்டபோதும், காலனி என்று உள்ளதைச் சொன்னாள். மோகன் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். சொந்தக்காரர்கள் குடிவரப் போவதாக அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

எதிர்வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் வருவதாக இருந்தார்கள். அடுத்த வீட்டுக்கும் வருவதாக இருந்தார்கள். ஒருவரும் வந்து சேரவில்லை. டுலெட் போர்டுகள் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தன.

வார்டில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுபோனது.

லேபிலிருந்து ரிப்போர்ட் கொண்டுவந்த மஹீரா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் வீடு தேடி அலைந்தவள்தான்.

“எங்களுக்குப் பேரச் சொன்னதுமே முடிஞ்சிடும்க்கா. உங்கள ஊர் வரைக்கும் இழுத்துகினு போறாங்க.”

வார்டுக்குப் பொறுப்பான ஸ்ரீதேவி சிஸ்டரும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆட்களுக்கு இந்த ஊரில் எந்தக் கதவும் சாத்தப்பட்டதில்லை.

மறுநாள் டியூட்டி முடிந்ததும் அவர் நேராக மோகன் வீட்டுக்குப் போய் மாடி காலியா என்று கேட்டார். மோகன் மகிழ்ச்சியோடு அறை அறையாகக் காட்டினார். மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதுவரை சொன்னார். கடைசியில் எந்த ஊர் என்று கேட்டார்.

ஈச்சம்பாக்கம், காலனி என்றார் ஸ்ரீதேவி.

வார்டுக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். ஒரு மனிதர் தன்னைத் தலை முதல் கால் வரை அப்படிப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்றார்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. எக்ஸ்ரே ரூமிலிருந்து போனார்கள். மருந்து கொடுக்கும் இடத்திலிருந்து போனார்கள். சொந்த வீடு வைத்திருப்பவர்கள்கூட லீவு நாளில் போய் அந்தத் தெருவில் வீடு கேட்டார்கள். கேள்வி வந்த இடத்திலெல்லாம் ஒரே பதில். ஈச்சம்பாக்கம், காலனி. மஹீரா மட்டும் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, இரண்டில் எதற்காக வீடு இல்லை என்கிறீர்கள் என்று நின்று கேட்டுவிட்டு வந்தாள்.

ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள் வீட்டுக்காரர்களிடம் நேராகவே சொன்னார்கள். ரெஜினாவுக்கு இந்தத் தெருவில் வீடு கிடைக்கும்வரை நாங்கள் யாரையும் இங்கே அழைத்து வருவதாக இல்லை.

காலனி என்பது, பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் ரெஜினா மென்று விழுங்கிய சொல். அதை இத்தனை பேர், தாங்கள் பிறந்த இடம்போல வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தார்கள். அவள் ஒருவரிடமும் உதவி கேட்டுப் போய் நிற்கவில்லை. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்ரீதேவியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். போய் பிபி பார் என்று அவர் விரட்டிவிட்டார்.

ஆடி போய் ஆவணி வந்துவிட்டது. மோகனின் மாடி இன்னும் காலியாகத்தான் கிடந்தது.

“காலனிதான் சார்,” என்று இந்த முறையும் சொன்னாள் ரெஜினா.

மோகன் கேட்டின் மேல் சாய்ந்துகொண்டார். கேலியா, களைப்பா என்று தெரியாத ஒரு குரலில் கேட்டார்.

“இன்னாம்மா, ஆஸ்பத்திரி மொத்தமும் ஈச்சம்பாக்கம் காலனிதானா?”

“எனக்குத் தெரிஞ்சு எல்லாரும் எங்க ஆளுங்கதான் சார்.”

அவர் தெரு நெடுகத் தொங்கிய டுலெட் போர்டுகளைப் பார்த்தார். பிறகு கேட்டை முழுதாகத் திறந்தார். மருமகளைக் கூப்பிட்டு, சாவியை எடுத்துப்போய் மாடியைக் காட்டச் சொன்னார்.

மருமகள் சின்னப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கலாம். ரெஜினாவின் வயிற்றைப் பார்த்து, அவளுக்காகப் படிப்படியாக நின்று நின்று ஏறினாள். சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே பார்த்தபடி மெல்லச் சொன்னாள்.

“உங்க ஊருக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடிதான்க்கா எங்க ஊரு. காலனிதான்.”

ரெஜினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த வீட்டுக்குள்ளிருந்தே ஒருத்தி கூட்டத்தில் சேர்ந்துவிட்டாளா? உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது, ஸ்ரீதேவி சிஸ்டரா என்று கேட்டாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மாடிப்படிப் பக்கம் திரும்பி, யாரும் வருகிறார்களா என்று ஒரு கணம் காது கொடுத்தாள்.

“எங்க வூட்டுக்காரருக்குத் தெரியும். கீழ யாருக்கும் தெரியாது. எங்கம்மா இந்த வூட்டு வாசல்ல ஒருநாள்கூட கால் வெச்சதில்லக்கா.”

ரெஜினா சாவியை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கையை விடவில்லை.

“அம்மாவ மாடிக்கு வரச் சொல்லும்மா.”

வீடு பிடித்திருக்கிறதா என்று மோகன் கீழேயிருந்து கேட்டார்.

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்தான் குரல் கொடுத்தாள்.

“புடிச்சிருக்காம் மாமா.”