நாலு விரற்கடை

வைகாசி மதியம். பழுத்து விழுந்து வெடித்த பலாவின் வாசனை வெயிலோடு கலந்து வாசலில் தேங்கி நிற்கிறது. ரங்கன் புளியமரத்தடியில் குந்தி, முறத்துக்கு விளிம்பு கட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் டால்டா டப்பாத் தண்ணீரில் மூங்கில் சிம்புகள் ஊறுகின்றன. அவன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே நாள். பெண்ணின் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நூலால் அளந்து, அந்த அளவுக்கு மாப்பிள்ளைதான் முறம் முடைய வேண்டும். மணப்பெண் பச்சையம்மா அப்படி அளந்து கொடுத்தனுப்பிய நூல் கூரையில் செருகியது செருகியபடியே காற்றில் ஆடுகிறது. பக்கத்திலிருக்கும் தன் சித்தி வீட்டுக்கு வந்தவள் இப்போது அவன் எதிரில் நிற்கிறாள். முறத்தை வாங்கி அதன்மேல் கையை நீட்டி வைக்கிறாள். விரல்நுனியைத் தாண்டி நாலு விரற்கடை மூங்கில் மிச்சம் கிடக்கிறது.

"இன்னா மாமா, நூலு குடுத்தனுப்புனேனே, அளந்து பாக்கலியா?"

ரங்கன் கூரையைப் பார்க்கிறான். பிறகு தன் கைகளைப் பார்க்கிறான். முதல் கல்யாணத்தின்போது இதே மரத்தடியில் அம்மாக்கண்ணுவுக்கு முறம் முடைந்த கைகள். போன ஐப்பசி மழையில் அவளைக் குழிக்குள் இறக்கிய கைகள். "பிரிச்சிட்டு வேற முடையறேன்" என்கிறான்.

பச்சையம்மா வாசலில் காயும் சாமையில் இரண்டு கை அள்ளிப் போட்டுப் புடைக்கிறாள். கைக்கு அடங்காமல் முறம் சாய்கிறது. உமியோடு தானியமும் புழுதியில் கொட்டுகிறது. அவள் குந்தி, சிதறியதைக் கையால் கூட்டிச் சேர்த்தபடி, தலை நிமிராமலே கேட்கிறாள்.

"அம்மாக்கண்ணு அக்கா நல்ல ஒசரமா, மாமா?"