நிமிர்ந்து உட்கார்ந்த வௌவால்

மைனா வைத்த ஆலம்பழ விருந்துக்கு வௌவால் ஆசையாகத்தான் போனது. எல்லாரும் கிளைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் அப்படியே உட்கார்ந்தது. ஆனால் தொங்கிப் பழகிய கால் வழுக்கிக்கொண்டே இருந்தது. காலைக் கவனித்தால் கிளி சொல்லும் பூனைக் கதை தப்பிப் போனது. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு வௌவால் மட்டும் தனியாகச் சிரித்தது.

வீடு திரும்பியதும் படுத்ததுதான், இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. அணில் பார்க்க வந்தது.

"எங்களோட இருக்கப் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருந்தது. அதனாலதான் கடைசிவரைக்கும் விழாம உட்கார்ந்திருந்தேன்."

அணில் வாலைச் சொறிந்தபடி யோசித்தது.

அடுத்த விருந்தில் வௌவால் மறுபடியும் கிளைமேல் ஏறப் பார்த்தது. அதற்குள் அணில் பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியது.

"வா, இங்கேயே சாப்பிடலாம்."

"உனக்குத் தலை சுத்தாதா?"

"சுத்துது. பழம் நல்லாதான் இருக்கு."

அப்பாடா என்று வௌவாலும் பக்கத்தில் தொங்கியது. மேலே கிளி புதிதாக ஒரு பூனைக் கதையை எடுத்துவிட்டது. பூனை சாக்கடையில் விழுந்த இடம் வந்ததும் முதலில் சிரித்தது வௌவால்தான்.