மூன்று ஆம்ப்ளிஃபயர், ஒரு போர்வை

“தம்பி, கண்ணை மூடிட்டுக் கேளுங்க. முதல்ல பாடுறது எந்த கிளாஸ்?” என்றார் தங்கப்பாண்டி.

பெண் பார்க்கப் போன இடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். நிலம், நட்சத்திரம் எதையும் பெண்ணின் அப்பா கேட்கவில்லை.

ஹாலின் குறுக்கே கொடி கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருந்தார். அதற்குப் பின்னால் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள். கிளாஸ் ஏ, கிளாஸ் ஏபி, கிளாஸ் டி. ஒரே பாட்டை மூன்றிலும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். எது எதுவென்று நான் சொல்ல வேண்டும்.

சொல்லத் தெரியாதவர்களுக்குக் காபி மட்டும்தான் என்று திருவாடானை பஸ்ஸிலேயே தரகர் எச்சரித்திருந்தார். எனக்கு முன்னால் மூன்று பேர் காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

போர்வைக்குப் பின்னால் நின்று சுவிட்சைத் திருப்புவது பெண். சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வதும் அவள்தான். எனக்கு அவள் பாதம் மட்டும் தெரிந்தது.

ஜெயப்பிரியாவை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பரமக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு ரசம் ஊற்றினாள். அன்றிலிருந்து வேறு எந்தப் பெண்ணின் போட்டோவையும் நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இவள் கிடைக்காமல் போய்விடுவாளோ என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

என் காது லட்சணம் எனக்குத் தெரியும். எட்டு வருஷமாகக் கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறேன். அம்மா வாசலில் நின்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும், நான் மட்டும் திரும்ப மாட்டேன்.

பாட்டு ஓடியது. தங்கப்பாண்டி தொடையில் தாளம் போட்டபடி பாடம் எடுத்தார். ஏ என்றால் குழைவாம். ஆனால் கரண்டைக் குடிக்குமாம், அடுப்பாகக் கொதிக்குமாம். டி சிக்கனமாம், ஆனால் சத்தத்தில் ஈரம் இல்லையாம். ஏபி இரண்டுங்கெட்டானாம்.

எனக்கு மூன்றிலும் அதே பாட்டுதான் கேட்டது.

மூன்றாவது முடிந்தபோது போர்வைக்குக் கீழே தரையில் அவள் நிழல் அசைந்தது. அவள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“மாமா, அடுப்பா கொதிக்கும்னு சொல்றீங்க. அங்கன ஒரு ஃபேன்கூட இல்லையே, அவங்களுக்கு வேர்க்காதா?” என்றேன்.

“அதை விடுங்க தம்பி, விடையைச் சொல்லுங்க!”

வாயில் வந்ததைச் சொன்னேன். முதலாவது டி, இரண்டாவது ஏ, மூன்றாவது ஏபி.

தரகர் கிளம்ப எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அவருக்குப் பழக்கம்.

“மூணும் சரி,” என்றது போர்வைக்குப் பின்னாலிருந்து அவள் குரல்.

தங்கப்பாண்டி துள்ளி எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். “நானும் அதையேதான் நெனச்சேன், மாப்ள!”

சொந்தக்காரர்களுக்குப் போன் போட அவர் வாசலுக்கு ஓடினார். தரகரும் தன் கமிஷனை நினைவூட்டப் பின்னாலேயே போனார். ஜெயப்பிரியா காபியோடு வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டு, காதருகே குனிந்தாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூட எனக்குத் தவறவில்லை.

“நீங்க சொன்னது மூணுமே தப்பு. முந்தி வந்த மூணு பேருதான் சரியாச் சொன்னாக.”