நான்காம் பாடம்

பெர்ன்ஹில் சமஸ்கிருத வகுப்பில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்த ஜெகதீசனையும் வாசுகியையும் கெஸியா டீச்சர் எதிரெதிரே உட்கார வைத்தார். மற்றவர்கள் மூன்று பாடம் முடித்திருந்தார்கள்; இவர்கள் இருவருக்கும் இன்றுதான் முதல் வகுப்பு.

"நாலாம் பாடத்தை மாத்தி மாத்திப் படிச்சு, தமிழ்ல அர்த்தம் சொல்லுங்க."

ஜெகதீசன் தொண்டையைச் செருமினார். "பவத்யா: நாம கிம்? உங்கள் பெயர் என்ன?"

"மம நாம வாசுகி. என் பெயர் வாசுகி." அவள் புத்தகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

பாடத்தின் அடியில் இருந்த சொற்பொருளைப் பார்த்து, அடுத்த வரிகளின் அர்த்தத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார்கள்.

"ஆற்றங்கரையில் நிற்பவர் அரசரா?"

"இல்லை, அது கழுதை."

"கழுதை ஏன் அழுகிறது?"

"தன் பாட்டைத் தானே கேட்டுவிட்டது."

வாசுகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜெகதீசனும் அடக்க முடியாமல் சிரித்தார்.

"வகுப்பு முடிஞ்சதும் டீயும் வர்க்கியும் சாப்பிடப் போலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போலாமுங்க," என்றாள், முகமெல்லாம் சிவந்து.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார். "ஏனுங்க, பேர் கேட்டு அஞ்சு நிமிஷம் ஆகலை. அதுக்குள்ள டீக்கடையா?"

"கல்யாணமாகிப் பதினாறு வருஷமாச்சுங்க டீச்சர்," என்றாள் வாசுகி. "இந்த வகுப்புல சேரப் பேர் குடுத்த அன்னிக்கே எங்களுக்குள்ள சண்டை. பன்னண்டு நாள் கழிச்சு இப்பத்தான் பேசறோம்."