பலகை தொங்கும் வாரம்

ஓட்வாரின் கதவில் தொங்கிய பலகையை மேல்வீட்டு தூர்டிஸ் சத்தமில்லாமல் கழற்றினார். கதவுக்கு உள்பக்கம், கண்ணாடித் துளையில் கண்ணை வைத்து நின்றிருந்த ஓட்வார் அதைப் பார்த்துவிட்டார்.

உள்ளங்கை அகல மரப்பலகைதான். ‘இந்த வாரம் படி கழுவுவது நீங்கள்’ என்று எழுதியிருக்கும். ஆறு வீடுகளுக்கும் முறை வைத்து ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குப் போகும். கீழ்வீட்டுக்காரர்கள் தங்கள் முறையை முடித்து நேற்று மாலைதான் ஓட்வார் கதவில் மாட்டியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டது.

இது மூன்றாவது தடவை.

ஓட்வாருக்குப் பயம் வந்தது. பலகைக்காக இல்லை, வியாழக்கிழமைக்காக.

வியாழக்கிழமை நகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் வருகிறார். பக்கவாதம் வந்து இரண்டு வருடமான மனிதர் தனியாகக் குடியிருக்கலாமா, இல்லை முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டுமா என்று பார்க்க. ஓஸ்லோவில் இருக்கும் மகள் உன்னியின் ஏற்பாடு. குடியிருப்புத் தலைவி என்ற முறையில் தூர்டிஸிடமும் விசாரிப்பார்களாம்.

மகளுக்குப் போன் போட்டார்.

“உன்னி, அந்தக் கிழவி என் பலகையைத் தூக்கிட்டுப் போயிட்டா!”

“போகட்டுமேப்பா. அங்க மழையா?”

“வருஷம் முழுக்க மழை பெய்யற பெர்கன்ல இருக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? ஒம்போது நாளா ஊத்துது.”

“கை எப்படி இருக்கு?”

ஓட்வார் தன் இடது கையைப் பார்த்தார். வெயில் அடித்தால் அது ஓரளவு கைதான், காபிக் கோப்பையைக்கூடப் பிடிக்கும். ஈரக் குளிர் இறங்கிவிட்டால் விரல்கள் மடங்கிப் பூட்டிக்கொள்ளும். வலது கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும். இடது காலும் விறைத்து, பாதத்தின் நுனி தரையைத் தேய்க்கும்.

“நல்லா இருக்கு” என்றார்.

“ரெண்டு வாரம் முந்தி, மீன் கடைக்கு நடந்தே போனேன்னீங்க. நேத்து, கட்டிலை விட்டே எழுந்திரிக்க முடியலைன்னீங்க. நான் எதைப்பா நம்பறது?”

“ரெண்டையும் நம்பு. வானம் மாறினா என் உடம்பும் மாறுது.”

“அதான்ப்பா எனக்குப் பயமே.”

“என்ன பயம்? மூணு மாடிப் படியைக் கழுவுறேன். படி கழுவுறவனை எவனாவது இல்லத்துக்கு அனுப்புவானா?”

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பலகையே இல்லாதவன் எந்தப் படியைக் கழுவுவது? ‘அவர் முறையை நான்தான் செய்யறேன்’ என்று வியாழக்கிழமை தூர்டிஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம் இல்லம்தான், கட்டிலில் ரப்பர் விரிப்புதான், ஏழு மணிக்கு விளக்கணைப்புதான்.

விடக்கூடாது என்று நினைத்தார்.

வாளியில் வெந்நீர் பிடித்து சோப்பைக் கரைத்தார். இடது கை விரல்களைப் பிரித்து, வாளியின் கைப்பிடியைக் கோத்துவிட்டார். பூட்டிக்கொள்ளும் கையில் இது ஒரு வசதி, பிடித்ததை விடாது.

படிக்கட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். சாரலும் குளிரும் உள்ளே அடித்தன. மேலே தூர்டிஸின் கதவில் பலகை தொங்குவது தெரிந்தது. முதலில் அதை எடுத்துவந்து தன் கதவில் மாட்டவேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

மூன்றாவது படியில் இடது கால் எழும்பவில்லை. நுனி தட்டி, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலது கை எப்படியோ கம்பியைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் முழுக்கப் படியில் கொட்டியது. ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். காலி வாளியை விடலாம் என்றால், விரல் விடவில்லை.

மேல்கதவு திறந்தது.

“என்ன பண்ற ஓட்வார்?”

“என் வேலையைப் பண்றேன். பலகையைக் கொடுங்க.”

“தர மாட்டேன்.”

“மூணு தடவை திருடிட்டீங்க! என்னை இல்லத்துல தள்ளிட்டு என் வீட்டை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அறுபத்தொன்பது வயதில் படியில் உட்கார்ந்து அழுவது அவருக்கே அவமானமாக இருந்தது.

தூர்டிஸ் இறங்கிவந்து, ஈரப் படி என்றும் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுபத்தாறு வயது முழங்கால் முனகியது. ஓட்வாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாளியை எடுத்து அப்பால் வைத்தார்.

“மூணு தடவை எடுத்தேன், வாஸ்தவம். அதுக்குப் பதிலா வெயில் வாரமாப் பாத்து மூணு தடவை உன் கதவுல மாட்டினேனே, அது கண்ணுல படலையா? மே மாசம் ரெண்டு தரம் வந்தப்ப, கிழவிக்கு முறையே மறந்துபோச்சுன்னு கீழ்வீட்டுல சொல்லிச் சிரிச்சியாமே?”

ஓட்வாருக்கு முகம் சிவந்தது.

“இவ்வளவு சுத்து வேலை எதுக்கு? நான் எப்பவும் கழுவுறேன்னு அந்தம்மாகிட்ட சும்மா சொல்லிடலாமே?”

“எனக்குப் பொய் சொல்ல வராதுப்பா” என்றார் தூர்டிஸ். “தன் கதவுல பலகை தொங்கின வாரம் ஒண்ணைக்கூட இவன் படி கழுவாம விட்டதில்லைன்னு வியாழக்கிழமை சொல்லப்போறேன். அது நிஜமா இருக்கணும்னா, மழை விடுற வரைக்கும் பலகையை என் கதவுலயே விட்டு வை.”