முதலில் வந்த பக்கம்

பக்கத்தின் கடைசியில் கிடந்த ஐந்து வரிகளைச் சரிதா வெட்டி எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினாள்.

'துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது. உடனே கிளம்புங்கள்.'

ஓசூரில் உள்ள ஒரு மருத்துவமனையின் இணையதளத்துக்காக அவள் எழுதிய பக்கம் அது. 'விரல் துண்டானால் என்ன செய்வது' என்று கூகுளில் தேடினால், இரண்டு வருடமாக அதுதான் முதலில் வருகிறது.

இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்புகள் நிறைந்த ஊர். யாராவது தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

முதலில் வர வைப்பதுதான் அவள் வேலை. எந்த வார்த்தையை எத்தனை முறை சொல்ல வேண்டும், படிப்பவரை எப்படிக் கீழே கீழே இழுத்துப் போக வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

'தொழில் நகரமான ஓசூரில்' என்று அந்தப் பக்கத்தைத் தொடங்கியிருந்தாள். பிறகு மருத்துவமனையின் வரலாறு, டாக்டர்களின் அனுபவம், புதிதாக வந்த கருவிகள்.

நடுவில், ஆசை காட்ட ஒரு வரி. 'விரலை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தால் மறுபடி பொருத்த வாய்ப்பு உண்டு. எப்படி வைப்பது என்று கீழே பார்க்கலாம்.'

அந்த வரியை இப்போது அழித்தாள்.

அலுவலகத்தை நடத்தும் சுரேந்தர் பின்னால் வந்து நின்றான்.

"பதில மேலயே வெச்சுட்டா, படிச்சுட்டு ஒடனே போயிருவாங்க சரிதா. கூகுள்ல நம்ம பக்கம் கீழ எறங்கிடும்."

"அவங்க ஒடனே போகத்தான சார் வேணும்."

அவன் திரையைப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். அவள் சேமித்தாள்.

காரணத்தை அவனிடம் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நல்லுசாமி கொய்யாப்பழத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார். பாகலூர் ரோட்டு கம்பெனி ஒன்றில் அவள் கணவன் முத்துமணிக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர். விபத்து நடந்து ஏழு மாதம் கழித்து இப்போதுதான் வருகிறார்.

முத்துமணி டீ போட உள்ளே போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார். அன்றைக்கு முத்துமணியின் அறுந்த கட்டைவிரலை அப்படியே ஐஸுக்குள் போட்டு எடுத்துப்போனது தான்தான் என்றார். விரல் கெட்டுப்போய்விட்டது, இனிப் பொருத்த முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

"செல்லுல பாத்துதாம்மா செஞ்சேன். மொதல்ல வந்தது இதான்."

நீட்டிய போனை அவள் வாங்கிப் பார்த்தாள்.

'தொழில் நகரமான ஓசூரில்.'

அதை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொய்யாவை நறுக்கித் தட்டில் வைத்தாள்.

முத்துமணியிடம் அன்றைக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. இந்த ஒன்றாவது அவனுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஐந்தரை மணிக்கு அவன் வழக்கம்போல் கீழே வண்டியோடு நின்றான். கட்டைவிரல் இல்லாத இடது கையால் அவளுடைய ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

சிக்னலில் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே அவனும் நிறுத்தினான்.

அவன் முதுகைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தப் பக்கத்த இன்னிக்கு மாத்திட்டேங்க."

"நல்லதாப் போச்சு" என்றான் முத்துமணி.

எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை.