பக்கத்து இருக்கை

அப்பாவின் ஓட்டுநர் உரிமம் காலாவதியாக இன்னும் பதினோரு மணி நேரம் இருந்தது.

உணவு இடைவேளை முழுவதையும் மகள் அதற்கே கொடுத்துவிட்டாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் பின்னறை. மடியில் கணினி, காதில் போன், திறக்காத சாப்பாட்டு டப்பா.

மூத்தவர்கள் வீட்டிலிருந்தே புதுப்பிக்கலாம் என்று இணையதளம் இனிக்க இனிக்கச் சொன்னது. அப்பாவின் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். அதை ஒரு நிமிடத்துக்குள் தட்டவேண்டும். அவ்வளவுதான்.

நான்காவது முறையாகத் திரை சிவந்தது.

"அப்பா, நிதானமா படிங்க."

"வந்ததைத்தானே படிக்கிறேன்? நீ ஒழுங்கா அடி."

நேரில் போனால் அரை மணி நேர வேலை. ஒரு புகைப்படம், ஒரு கண் பரிசோதனை, முடிந்தது. ஆனால் அந்த ஆபீஸ் படியை மிதிக்கமாட்டேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். வரிசையில் நிற்க முடியாதாம். தக்காளிக்குப் பேரம் பேசி ஒரு மணி நேரம் நிற்கிறவர்.

இன்று முடியாவிட்டால், நாளை குழந்தையைப் பள்ளியில் கொண்டுபோய் விட ஆளில்லை.

தினமும் அப்பாதான் காரில் விடுகிறார். அம்மாவும் முன்னால் ஏறிக்கொள்வாள். வழிநெடுக வாய் ஓயாது. சிவப்பு, நில்லுங்க. பச்சை, போலாம். சைக்கிள் வருது பாருங்க. முன்பெல்லாம் கார் நகர்ந்ததும் தூங்கிவிடுகிறவள். வயதானால் வாய் நீளும் போல என்று மகள் நினைத்துக்கொள்வாள்.

வீட்டில் ஒரு சொல் பொறுக்காத அப்பா, காரில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

குழந்தைக்கு அது விளையாட்டாகிவிட்டது. பின்னிருக்கையிலிருந்து பாட்டியை முந்திக்கொண்டு 'பச்சை!' என்று கத்துகிறாளாம்.

ஐந்தாவது எண் வந்தது. "எட்டு..." என்று அப்பா தொடங்கினார்.

"எட்டா? மூணுங்க அது. இப்படிக் குடுங்க." அம்மாவின் குரல். மடமடவென்று ஆறையும் படித்துவிட்டாள்.

திரை பச்சையானது.

"முதல்லயே அம்மாகிட்ட குடுத்திருந்தா நான் சாப்பிட்டே முடிச்சிருப்பேன்."

ஒரே ஒரு கேள்வி பாக்கி. 'ஆம்' என்பதன்மேல் விரலை வைத்துக்கொண்டே, கடமைக்குப் படித்தாள். "போக்குவரத்து விளக்குகளும் அறிவிப்புப் பலகைகளும் உங்களுக்குத் தெளிவாகத் தெரிகின்றனவா?"

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

அம்மாதான் பேசினாள். சலித்துக்கொண்ட குரல்.

"தெரியுதுன்னு போட்டுட்டு நீ போய்ச் சாப்பிடுடி. அவருக்குத் தெரியலைன்னா என்ன? ரெண்டு வருஷமா நான்தானே பக்கத்துல உக்காந்து பார்த்துச் சொல்றேன்."